ஸ்ட்ரீட், ஹௌச்சன்: ஒரே கட்சியின் இரு மேயர்கள், இரு ஆட்சிமுறைகள்

2017 மே 4 அன்று இங்கிலாந்தின் ஆறு வட்டாரங்கள் தங்களுக்கான மேயரை முதன்முறையாக நேரடியாகத் தேர்ந்தெடுத்தன. அவற்றுள் தொழிற்கட்சியின் கோட்டைகளாகக் கருதப்பட்ட இரண்டில் கன்சர்வேட்டிவ் வேட்பாளர்கள் மயிரிழையில் வென்றனர். பர்மிங்ஹாமை மையமாகக் கொண்ட மேற்கு மிட்லண்ட்ஸில் ஆண்டி ஸ்ட்ரீட் 50.4 விழுக்காட்டுடனும், வடகிழக்கு இங்கிலாந்தின் டீஸ் பள்ளத்தாக்கில் பென் ஹௌச்சன் 51.1 விழுக்காட்டுடனும் பதவிக்கு வந்தனர். ஏழு ஆண்டுகள் கழித்து, 2024 மே 2 அன்று, முதலாமவர் 1,508 வாக்குகளில் தோற்றார், இரண்டாமவர் 53.6 விழுக்காடு பெற்று மூன்றாம் முறையாக வென்றார். வெற்றி தோல்வியை மட்டும் பார்ப்பவர்களுக்கு ஹௌச்சனே சிறந்த நிர்வாகி என்று தோன்றும். பொதுப் பணத்தை எப்படிக் கையாண்டார்கள் என்பதை அளவுகோலாகக் கொண்டால் ஸ்ட்ரீட்டின் பதிவே மேலானது என்பது என் கருத்து.

இருவரின் பின்னணியும் வெவ்வேறு. 1963-இல் பிறந்து பர்மிங்ஹாமில் வளர்ந்த ஸ்ட்ரீட், ஆக்ஸ்ஃபோர்டில் படித்து முடித்து 1985-இல் ஜான் லூயிஸ் அங்காடி நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். 2007 முதல் 2016 வரை அதன் நிர்வாக இயக்குநராக இருந்தார். அந்த நிறுவனம் அதன் ஊழியர்களுக்கே உடைமையானது. அங்கே தலைமைப் பொறுப்பில் இருப்பவர் முடிவுகளைப் பலருக்கும் விளக்கி இசையச் செய்தாக வேண்டும் என்பதால், பின்னாளில் அவருடைய மேயர் பணியில் தெரிந்த இயல்புக்கு அந்த அனுபவமும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். மேயராவதற்கு முன் அவர் எந்த உள்ளாட்சி மன்றத்திலும் உறுப்பினராக இருந்ததில்லை.

1986-இல் பிறந்த ஹௌச்சன் உள்ளாட்சி அரசியலில் படிப்படியாக ஏறி வந்தவர். நார்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று வழக்குரைஞரானார்; 2011-இல் ஸ்டாக்டன் நகர மன்ற உறுப்பினராகி, அங்கே தம் கட்சிக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். தம் ஊர் மக்களின் மனக்குறை எது என்பதை நேரில் அறிந்திருந்ததே அவருடைய பெரும் பலம்.

இங்கே அதிகார வரம்பைச் சொல்லியாக வேண்டும். இந்த மேயர்கள் பள்ளிகளையோ முதியோர் பராமரிப்பையோ குப்பை அகற்றுவதையோ நடத்துவதில்லை. அவை அந்தந்த உள்ளாட்சி மன்றங்களின் பணி. போக்குவரத்து, தொழிற்பயிற்சி, நில மேம்பாடு ஆகியவையே இவர்கள் கையில் உள்ளன. அதற்காக மைய அரசு 30 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் மேற்கு மிட்லண்ட்ஸுக்கு 3 கோடியே 65 லட்சம் பவுண்டும், டீஸ் பள்ளத்தாக்குக்கு 1 கோடியே 50 லட்சம் பவுண்டும் ஒதுக்கியது. முன்னதில் ஏழு மன்றங்களும் ஏறத்தாழ 29 லட்சம் மக்களும் உள்ளனர். பின்னதில் ஐந்து மன்றங்களும் ஏழு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்களும் உள்ளனர். மேயர் பெயரால் தனி வரி விதிக்கும் உரிமை இருந்தும் இருவரும் அதைப் பயன்படுத்தவில்லை. கட்சிக் கொள்கையோடு இருவரும் முழுமையாக ஒத்துப்போன இடம் அநேகமாக இது ஒன்றுதான்.

ஹௌச்சனின் முதல் பெரிய முடிவே ஒரு கன்சர்வேட்டிவ் தலைவரிடமிருந்து யாரும் எதிர்பாராதது. நலிந்து மூடும் நிலைக்கு வந்திருந்த உள்ளூர் விமான நிலையத்தை 2019-இல் ஏறத்தாழ 4 கோடி பவுண்டுக்குப் பொது உடைமையாக்கினார். தனியார்மயத்தை முதற்கொள்கையாகக் கொண்ட கட்சியில் இருந்துகொண்டு அரசுப் பணத்தில் விமான நிலையம் வாங்கியதைத் துணிச்சல் என்றே சொல்ல வேண்டும். அந்த நிலையம் எந்நாளும் தன் காலில் நிற்குமா என்ற ஐயம் எனக்கு உண்டு. ஆனால் அவர் தேர்தலில் வெளிப்படையாகச் சொல்லி வாக்குக் கேட்டதைச் செய்தார். மன்றத் தலைவர்களின் ஒப்புதலையும் பெற்றார். அந்த முறையில் குறை காண இடமில்லை.

பழைய உருக்காலை நிலத்தை மேம்படுத்தும் டீஸ்வொர்க்ஸ் திட்டத்தின் கதை அப்படியன்று. 2015-இல் ரெட்கார் உருக்காலை மூடப்பட்டபோது தலைமுறைகளின் வாழ்வாதாரம் பறிபோனது. அதன் நிலத்தை மீட்க 2017-இல் ஒரு மேம்பாட்டுக் கழகம் அமைந்தது. லண்டனுக்கு வெளியே மேயரின் கீழ் அமைந்த முதல் கழகம் அதுதான். 2020-இல் உள்ளூர் தனியார் நிறுவனங்களுடன் சரிபாதிப் பங்கில் கூட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2021-இல் தனியார் பங்கு 90 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. நாடாளுமன்றத்தில் குற்றச்சாட்டு எழவே, 2023-இல் அமைச்சர் மைக்கேல் கோவ் ஒரு விசாரணைக் குழுவை நியமித்தார். 2024 ஜனவரியில் வெளியான அறிக்கை, ஊழலுக்கோ சட்டமீறலுக்கோ சான்று இல்லை என்று தெளிவாகக் கூறியது. இதை மறைத்து எழுதுவது ஹௌச்சனுக்கு இழைக்கும் அநீதி. அதே அறிக்கை, பல முடிவுகள் பொதுப் பணத்தைக் கையாள்வதில் எதிர்பார்க்கப்படும் தரத்தை எட்டவில்லை என்றும், பொதுத்துறையிலிருந்து வந்ததும் உறுதியளிக்கப்பட்டதுமான தொகை 56 கோடி பவுண்டைக் கடந்திருந்த நிலையில் தனியார் முதலீடு எதுவும் வந்திருக்கவில்லை என்றும் பதிவு செய்து, 28 பரிந்துரைகளை முன்வைத்தது. நச்சுக் கழிவு படிந்து கிடந்த நிலம் சுத்தமானதும், அங்கே காற்றாலை அடித்தளங்களைச் செய்யும் ஆலை எழுந்ததும் கண்கூடு. அந்த நிலத்தின் வருங்கால ஆதாயத்தில் பத்தில் ஒன்பது பங்கு ஏன் கைமாறியது என்பதற்கு மக்கள் ஏற்கத்தக்க விளக்கம், முடிவெடுத்த அன்றே கிடைத்திருக்க வேண்டும்.

ஸ்ட்ரீட்டின் பதிவில் இத்தகைய ஒற்றைப் பெருந்திட்டம் இல்லை. டிராம் பாதை 2022-இல் எட்ஜ்பாஸ்டன் வரையிலும், 2023-இல் உல்வர்ஹாம்ப்டன் ரயில் நிலையம் வரையிலும் நீண்டது. கைவிடப்பட்ட தொழிற்சாலை நிலங்களில் வீடுகள் எழுந்தன. 2022 காமன்வெல்த் விளையாட்டுகள் பர்மிங்ஹாமில் நடந்தன. குறைகளும் உண்டு. 2021-இல் டிராம் பெட்டிகளில் விரிசல் கண்டு சேவை நிறுத்தப்பட்டது. பிரையர்லி ஹில் வழித்தடம் செலவு மிகுந்து கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. ஆனால் மேயரோடு மன்றத் தலைவர்கள் அமரும் அவையில் பலர் எதிர்க்கட்சியினராக இருந்ததால், ஒவ்வொரு திட்டத்தையும் அவர்களிடம் வாதாடியே நிறைவேற்ற வேண்டியிருந்தது. அதனால் வேகம் குறைந்தது. ஆனால் கணக்கு எல்லோர் கண்முன்னும் இருந்தது. இந்தப் பரிமாற்றத்தை நான் மனமார ஏற்கிறேன்.

கட்சித் தலைமையோடு இருவரின் உறவையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2023 அக்டோபரில் பர்மிங்ஹாமுக்கும் மான்செஸ்டருக்கும் இடையிலான அதிவேக ரயில் பாதையைப் பிரதமர் ரிஷி சுனக் கைவிட்டபோது, கட்சி மாநாடு நடந்துகொண்டிருந்த நகரிலேயே ஸ்ட்ரீட் செய்தியாளர்களைக் கூட்டி எதிர்த்தார். பதவி விலகவில்லை, பிறகு மான்செஸ்டரின் தொழிற்கட்சி மேயர் ஆண்டி பர்ன்ஹாமுடன் சேர்ந்து மாற்று ரயில் திட்டத்தை ஆராய்ந்தார். ஹௌச்சன் போரிஸ் ஜான்சனுக்கு நெருக்கமானவர். அந்த நெருக்கத்தின் காலத்தில் டீஸ் பள்ளத்தாக்குக்குச் சுங்கச் சலுகைத் துறைமுகமும், டார்லிங்டனில் நிதியமைச்சகத்தின் கிளை அலுவலகமும் கிடைத்தன. 2023-இல் ஜான்சனின் பரிந்துரையில் அவருக்குப் பிரபுக்கள் அவையில் இடமும் கிடைத்தது.

2024 முடிவை இருவரின் தகுதிக்குத் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. அதற்குள், வாக்காளர் முதல், இரண்டாம் விருப்பங்களைக் குறிக்கும் விருப்ப வாக்கு முறை நீக்கப்பட்டு, அதிக வாக்கு பெற்றவரே வெல்லும் முறை வந்துவிட்டது. மேற்கு மிட்லண்ட்ஸில் ஒரு சுயேச்சை வேட்பாளர் மட்டும் 69,000-க்கும் மேற்பட்ட வாக்குகளைப் பெற்றார். நாடெங்கும் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு எதிராக அலை வீசிய அந்த நாளில் ஸ்ட்ரீட் 37.5 விழுக்காடு பெற்றார், வென்ற ரிச்சர்ட் பார்க்கருக்கு 37.8. ஹௌச்சன் வென்றாலும், 2021-இல் அவர் பெற்ற 72.8 விழுக்காட்டிலிருந்து 19 புள்ளிகள் சரிந்திருந்தார். அந்த 28 பரிந்துரைகளைச் செயற்படுத்தும் பொறுப்பும் மூன்றாம் பதவிக்காலத்தோடு சேர்ந்தே அவரிடம் வந்தது.