அந்த முதல் நட்டு: மினி லேத்தில் சக் மாற்றும் கதை

7x14 மினி லேத் (சிறு கடைசல் இயந்திரம்) வாங்கப்போகிற நண்பருக்கு ஒரே கேள்வி: கடையும் துண்டைப் பிடிக்கும் சக்கில், மூன்று தாடை உள்ள த்ரீ ஜாவைக் கழற்றி நான்கு தாடை ஃபோர் ஜா மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? மோட்டார், வேகம் எல்லாம் விளம்பரத்திலேயே இருக்கிறது, இது மட்டும் இருக்காது. கழற்றுவது பெரிய வேலை இல்லை. மாட்டும்போது முதல் நட்டைப் போடுவதில்தான் உயிர் போகும்.

80 மி.மீ. த்ரீ ஜா சக்கின் முதுகில் மூன்று எம்6 ஸ்டட் (6 மி.மீ. மரைக் கம்பி). அவை ஸ்பிண்டில் (சுழலும் தண்டு) முனையிலுள்ள ஃபிளாஞ்சு என்னும் வட்டத் தட்டின் துளைகள் வழியாகப் பின்னால் வரும். ஃபிளாஞ்சுக்கும் ஸ்பிண்டிலைத் தாங்கும் பெட்டியான ஹெட்ஸ்டாக்குக்கும் நடுவில் விரல் நுனிதான் நுழையும். ஒரு கை சக்கைத் தாங்க, இன்னொரு கையால் வாஷரையும் நட்டையும் அந்தச் சந்தில் கோக்க வேண்டும். நழுவினால் பெட்டுக்குள் (லேத்தின் அடிப்பாகம்) சீவல் குவியலில் தேடல். இதை வடிவமைத்தவர் ஒரு தடவையாவது சக் மாட்டிப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் எதையும் தொடவும். முதலில் வாஷரைத் தூக்கிப்போட்டு, அடியில் பல் இல்லாத ஃபிளாஞ்ச் நட்டு (வாஷர் கூடவே சேர்ந்தது) வாங்குங்கள். பல் உள்ளது ஃபிளாஞ்சின் முதுகைக் கீறிவிடும். நட்டோடு சேர்ந்து ஸ்டட்டும் கழன்று வந்தால், சக் பக்கத்து மரையில் நடுத்தர பலமுள்ள லாக்டைட் (மரையைப் பிடித்துவைக்கும் பசை) ஒரு சொட்டு. அடுத்து ஸ்டட்டின் நுனியை 2 மி.மீ. நீளத்துக்கு 4.7 மி.மீ. விட்டமாகக் கடைந்துவிடுங்கள். எம்6 நட்டின் உள் விட்டம் 4.9 மி.மீ.க்குச் சற்று மேல். அதனால் நட்டு அந்த மூக்கில் தொங்கும். விரலால் தள்ளிச் சுற்றினால் மரை கோணாமல் ஏறும். இவ்வளவு சின்ன வேலை இத்தனை நிம்மதி தரும் என்று எதிர்பார்க்க முடியாது.

நீளத்தில் கவனம். சக் முழுசாக உட்கார்ந்த பிறகு ஸ்டட் நுனிக்கும் ஹெட்ஸ்டாக்குக்கும் நடுவில் நட்டின் உயரம் (சுமார் 6 மி.மீ.) இல்லையென்றால் நட்டை உள்ளே விடவே முடியாது. இடம் அவ்வளவு இல்லாத இடத்தில் சாதா நட்டு போடுங்கள், அதன் உயரம் 5 மி.மீ.

பெட்டில் வைக்க, சக்கின் வளைவுக்கு வெட்டிய மரக்கட்டை ஒன்று, ஸ்டட்டுகள் துளைக்கு நேராக நிற்கும் உயரத்தில். இரண்டு கையும் விடுபடும். கை நழுவினாலும் பெட்டில் வெட்டு விழாது.

பேயனெட் வளையம் (நட்டை முழுதும் கழற்றாமல், கொஞ்சம் திருப்பியே சக்கை விடுவிக்கும் வளையம்) போடலாமே என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். துளைகள் 66 மி.மீ. வட்டத்தில், ஃபிளாஞ்சு 80, சக்கை நடுவில் நிறுத்தும் படியான ரெஜிஸ்டர் 55. எம்6 நட்டு மூலைக்கு மூலை 11-க்குச் சற்று மேல். அது நுழைய 11.5 துளை போட்டால் வெளியே 1.25 மி.மீ. சுவர்தான் மிச்சம், உள்ளே ரெஜிஸ்டரையே கடித்துவிடும். வேண்டாம்.

காசு செலவழிக்கத்தான் போகிறீர்கள் என்றால், அதே 55 மி.மீ. ரெஜிஸ்டரில் உட்காரும் ஈஆர்32 காலெட் சக் (காலெட் என்பது கம்பியைச் சுற்றி இறுகும் பிளவுபட்ட குழல்). 20 மி.மீ. வரையுள்ள உருளைக் கம்பிக்கு இது போதும், சக் மாற்றுவதே பாதி குறையும். ஸ்பிண்டில் துளையின் கூம்பான எம்டி3 டேப்பரில் சொருகும் வகை மலிவு, ஆனால் பின்னாலிருந்து அதை இழுத்துப் பிடிக்கும் டிராபார் ஸ்பிண்டில் துளையை அடைத்துவிடுவதால் நீளக் கம்பி போகாது. காலெட்டை முதலில் நட்டுக்குள் 'டக்' என்று மாட்டிவிட்டுத்தான் சக்கில் சொருக வேண்டும்.

எந்த முறையானாலும் சக், ஃபிளாஞ்சு இரண்டின் முகத்தையும் துணியால் துடைத்து விரலால் தடவிப் பாருங்கள். 80 மி.மீ. முகத்தில் ஒரு ஓரம் 0.02 மி.மீ. சீவல் சிக்கினால், 100 மி.மீ. தள்ளி டயல் கேஜ் (ஆட்டத்தை அளக்கும் கருவி) 0.05 காட்டும். சக்கிலும் ஃபிளாஞ்சிலும் ஒரு புள்ளி குத்திவைத்து, எப்போதும் அதே நேரில் மாட்டுங்கள். நட்டுகளை மாறி மாறி, குட்டை ஸ்பேனரில் இறுக்கினால் போதும்.

நியாயமாகச் சொன்னால், இந்த ஃபிளாஞ்சு அமைப்பு, பழைய மைஃபோர்டு லேத்தில் சக்கைத் திருகி மாட்டும் மூக்கைவிட மேல். ரிவர்ஸில் ஓட்டினாலும் சக் கழன்று பறக்காது. இறுகிப்போய் அடித்துக் கழற்றும் பிரச்சினையும் இல்லை. மேலே சொன்னதெல்லாம் செய்தபின் மாற்றும் வேலை இரண்டு நிமிடம்தான்.

அப்படியும் நண்பருக்குச் சொன்னது: இடமும் பணமும் இருந்தால் கேம்லாக் உள்ள பெரிய லேத்துக்குப் போய்விடு. அதில் சக்கைப் பூட்டும் ஒவ்வொரு கேமையும் சாவியால் அரைச் சுற்றுக்குள் திருப்பினால் விடுபடும். அவரிடம் இரண்டும் இல்லையாம். அப்படியானால் 10 நம்பர் ஸ்பேனர் ஒன்றைக் கிரைண்டரில் மெலிதாக்கிக்கொள்ளட்டும், ஃபிளாஞ்ச் நட்டு மட்டும் ஒரு டஜன் வாங்கட்டும். சீவலில் ஒன்றிரண்டு எப்படியும் போய்விடும்.