செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிப் பரிசோதனை: ஓர் ஆரம்ப சுகாதார நிலைய அனுபவம்

தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டாரத்தில் உள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றுக்கு, என் தங்கையின் தலைப்பிரசவத்தை முன்னிட்டு, மூன்றாம் மாதம் முதல் ஒன்பதாம் மாதம் வரை துணைக்குச் சென்று வந்தேன். அங்கே கிடைத்த மருத்துவத்தில் எனக்குக் குறையில்லை. ஆனால் முதல் நாள் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்களில் பாதிப் பேரை அதன் பிறகு நான் பார்க்கவேயில்லை. அதற்கான காரணங்களில் சில அந்த நிலையத்துக்கு உள்ளேயும், சில வெளியேயும் இருக்கின்றன.

பெண்களைப் பதிவு செய்ய அழைத்து வருவது பெரும்பாலும் பணம்தான். இதைச் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாயில் 14,000 ரொக்கமாகவும், மீதி இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் தவணை முறையில் வருகிறது. பன்னிரண்டு வாரத்துக்குள் பதிந்து கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் வாங்க வேண்டும் என்பதால், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் சென்ற பெண்கள்கூட அதற்காக ஊருக்கு வருகிறார்கள். பதிந்த பிறகு மறுபடியும் பெங்களூருக்கே போய்விடுகிறார்கள். அடுத்த பரிசோதனைக்கு வர வேண்டுமானால் கணவன், மனைவி இருவருடைய கூலியும் பஸ் செலவும் சேர்ந்து கையை விட்டுப் போகும்.

உள்ளூரிலேயே இருப்பவர்களுக்கும் ஒரு பரிசோதனை என்பது ஒரு முழு நாள். சர்க்கரைப் பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, சரியாக இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்க வேண்டும். 140-ஐ எட்டினால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கணக்கு. தங்கை அந்தத் தித்திப்பைக் குடித்த பத்தாவது நிமிடமே வாந்தி எடுத்துவிட்டதால், மறுநாள் மீண்டும் வரச் சொன்னார்கள். எங்கள் வீடு இரண்டு கிலோமீட்டர் தொலைவில்தான் என்பதால் சமாளித்தோம். பக்கத்தில் இருந்த மலையூர்ப் பெண்ணுக்கோ ஒரு மணி பஸ்ஸை விட்டால் சாயங்காலம்தான் அடுத்தது. எடை பார்க்க ஒரு வரிசை, இரத்த அழுத்தத்துக்கு ஒரு வரிசை, அட்டை எழுத ஒரு வரிசை என்று நின்று, குளுக்கோஸ் அவள் கைக்கு வரும்போதே மணி பதினொன்றே முக்கால். குடிக்காமலேயே எழுந்து போனாள். அவளை அலட்சியக்காரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இவ்வளவுக்கும் மீறிப் பெண்களைத் திரும்ப வர வைப்பவர் அங்குள்ள கிராம சுகாதார செவிலியர். அவர் மாத்திரை கொடுப்பதோடு நிறுத்துவதில்லை. "காலி அட்டையைக் கொண்டாந்தியா கண்ணு?" என்று கேட்டு, பிரித்த குழிகளை விரலால் எண்ணுகிறார். தங்கையின் அட்டையில் பதினோரு மாத்திரைகள் அப்படியே இருந்தன. இரும்புச்சத்து மாத்திரையால் பிள்ளை பெருத்து ஆபரேஷனாகிவிடும் என்று அவள் மாமியார் சொல்லியிருந்தார். செவிலியர் தங்கையைத் திட்டவில்லை. அடுத்த முறை மாமியாரை அழைத்து வரச் சொன்னார். வந்தவரை உட்கார வைத்து, மலம் கறுப்பாகப் போவது இயல்புதான் என்றும், மாத்திரையோடு டீ குடித்தால் சத்து உடம்பில் சேராது என்றும் பொறுமையாகச் சொன்னார். அன்று 9.4 ஆக இருந்த ஹீமோகுளோபின் எட்டாம் மாதத்தில் 10.8 ஆனது. வேண்டிய 11-ஐ அது எட்டவில்லை என்றாலும், மாமியார் இப்போது தாமே மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறார்.

எந்தச் செவிலியரின் அன்பும் போய்ச் சேராத பெண்களும் உண்டு. பதினெட்டு நிறையாமல் கல்யாணமானவளை அழைத்து வந்தால் போக்சோ வழக்காகும் என்று வீட்டார் ஒளித்து வைக்கிறார்கள். பிறர் எல்லோரையும்விடப் பரிசோதனை அவளுக்குத்தான் அதிகம் தேவை. பெண் கருவைக் கண்டறிந்து கலைத்த கும்பல்கள் பிடிபட்ட மாவட்டம் இது என்பதால், இரண்டு பெண் குழந்தைகளுக்குப் பிறகு உண்டான கர்ப்பத்தைச் செவிலியரிடம் மறைப்பவர்களும் இருக்கிறார்கள்.

வசதிகளைப் பொறுத்தவரை, மின்விசிறி சுற்றுகிறது, குடிநீர் இருக்கிறது. கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. சிறுநீர் மாதிரி கேட்கும் இடத்தில் இதைக்கூடச் சரிசெய்யாமல் விட்டிருப்பது மன்னிக்க முடியாதது. ஸ்கேனுக்கு வெளியே அனுப்புகிறார்கள்; அதற்கு இன்னொரு நாள் போகிறது.

கடைசி இரண்டு மாதங்களில் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். கதவு திறந்ததும், "ஒரு மணி பஸ்ஸுக்குப் போறவங்க யாரு?" என்று கேட்டு, அவர்களுக்கு முதலில் குளுக்கோஸைக் கரைத்துக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே எடை பார்க்க அனுப்புகிறார்கள். யாராவது கேட்காமல் விட்டால் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். ஒரு டம்ளரும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.