எட்டு சேம்பர் ஸ்டென்டரோடு ஆறு வருஷம்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் ஃபினிஷிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஸ்டென்டர் என்பது துணியை இரண்டு ஓரத்திலும் பிடித்து, அகலமாக இழுத்து, சூடான காற்று வீசும் அறைகள் (சேம்பர்) வழியாக ஓட்டும் மெஷின். எங்களிடம் இருப்பது எட்டு சேம்பர் ஸ்டென்டர், தெர்மிக் ஆயிலில், அதாவது சூடாக்கிய எண்ணெயில் சூடாகும் வகை. ஆறு வருஷமாக தினமும் இரண்டு ஷிப்ட் ஓடுகிறது. பெரும்பாலும் காட்டன் லைக்ராவுக்கு ஹீட் செட்டிங், அதாவது துணி பிறகு சுருங்காமல் அகலம் நிலைக்கச் சூட்டில் செட் செய்வது. மற்ற நேரத்தில் சாயம் போட்ட துணிக்கு சாஃப்ட்னர் கொடுத்து உலர்த்துவது.

முதலில் வேகம். மெஷின் விற்க வந்தவர் சொன்ன வேகத்தில் லைக்ராவை ஓட்ட முடியாது. ஒரு சேம்பர் 3 மீட்டர், எட்டுக்கு 24 மீட்டர். நிமிஷத்துக்கு 32 மீட்டர் ஓட்டினால் துணி உள்ளே இருப்பது 45 வினாடி. ஆனால் உள்ளே நுழைந்ததும் துணி 195 டிகிரிக்கு ஏறிவிடாது. முதல் இரண்டு சேம்பர் சூடேறுவதற்கே போய்விடும். செட் ஆகக் கிடைப்பது 34 வினாடிதான். ஈரத்தோடு வந்தால் இன்னும் குறையும். தண்ணீர் போகும்வரை துணியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாதே. இது எங்களுக்குப் பிடிபட ஒரு வருஷம் ஆனது. இப்போது 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) லைக்ரா ஜெர்சியை நிமிஷத்துக்கு 25 மீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை.

மூன்றாம் வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு லாட்டு, ஸ்டென்டரில் சரியான அகலத்தில் வந்த துணி, சாயம் போட்டு முடிந்ததும் ஒரு பக்கம் சுருங்கி நின்றது. ஜிஎஸ்எம் அந்தப் பக்கம் 200-ஐத் தொட்டது. பேனலில் எட்டு சேம்பரும் 195 காட்டுகிறது. சாயத்தின் மேல் சந்தேகம், நூலின் மேல் சந்தேகம். கடைசியில் சூட்டைப் பதிவு செய்யும் ஸ்டிக்கரைத் துணியின் இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று ஒட்டி அனுப்பினோம். இடது ஓரம் 10 டிகிரி குறைவு! நான்காம் சேம்பரில் சூடான காற்று போகும் இடது பக்க ஃபில்டர் முழுக்கப் பஞ்சு அடைத்திருந்தது. பேனல் காட்டுவது சென்சார் இருக்கும் இடத்துக் காற்றின் சூட்டை மட்டும்தான். அந்த லாட்டை மறுபடி செட் செய்து பார்த்தும் பாதிதான் தேறியது. அன்றிலிருந்து ஷிப்ட்டுக்கு இரண்டு முறை ஃபில்டர் சுத்தம், வாரம் ஒரு முறை ஸ்டிக்கர். அந்தக் குறை திரும்ப வரவில்லை.

அப்புறம் எண்ணெய். கிரே துணியில், அதாவது சாயம் போடாத பச்சைத் துணியில், பின்னும்போது ஏறிய நிட்டிங் ஆயில் இந்தச் சூட்டில் புகையாகி, எக்ஸாஸ்ட் குழாயில் படிந்து, சொட்டாகத் துணியில் விழும். வெளிர் நிறங்களில் மஞ்சள் புள்ளி தெரியும். படிந்த எண்ணெயில் தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. குழாய் சுத்தத்தை ஒருபோதும் தள்ளிப் போடாதீர்கள். முடிந்தால் துணியை அலசி, உலர்த்திவிட்டு செட் செய்யுங்கள். செலவு கூடினாலும் எனக்கு அதுதான் பிடித்த வழி.

கரண்ட் போனால் உள்ளே நிற்கும் துணி மஞ்சளாகி, லைக்ராவின் இழுவையும் போய்விடும். ஜெனரேட்டர் தானாக ஏறும் வசதி செய்த பிறகுதான் நிம்மதி.

துணியை சாஃப்ட்னரில் நனைத்துப் பிழியும் பேடர் நன்றாக உழைத்தது, ரப்பர் உருளைகளை ஒரு முறை சாணை பிடித்ததோடு சரி. துணியின் ஓரத்தைக் குத்திப் பிடிக்கும் ஊசி (பின்) பிளேட்டுகள் தேய்ந்தபோது ஓரம் கழன்று ஓடி நிறைய துணி வீணானது. துணியைப் பின்னில் அழுத்தும் பிரஷ் சக்கரத்தை ஸ்டாக்கில் வைத்திருங்கள், சின்ன சாமான்தான்.

இதே வகையை மறுபடி வாங்குவேனா என்றால், வாங்குவேன். பழைய மெஷின் பார்க்கப் போகிறவர்கள் பெயின்டைப் பார்க்க வேண்டாம். ஃபில்டர் கதவைத் திறக்கச் சொல்லுங்கள், ஓடும்போது இரண்டு ஓரத்திலும் ஸ்டிக்கர் ஒட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.