ஒரே தொட்டியா, இரண்டு தொட்டியா, பிணைத்தொகையா?

மறுசுழற்சிக்குப் போகும் பெட் (PET, தண்ணீரும் குளிர்பானமும் வரும் தெளிந்த பிளாஸ்டிக்) பாட்டில் மறுபடியும் பாட்டிலாகுமா, கம்பளத்துக்கு நூலாகுமா என்பது அதைச் சேகரித்த விதத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் வாங்குவது சேகரிப்பவருக்கு மலிவு: ஒரு வண்டி, ஒரு நடை, அழுத்தி ஏற்றிவிடலாம். செலவு மறுசுழற்சி ஆலைக்குப் போய்ச் சேர்கிறது. அழுத்தும்போது கண்ணாடி உடைந்து அட்டைக்குள் ஏறும். அந்தத் துகள் காகித ஆலையின் பம்புகளைத் தேய்க்கும். எண்ணெய் ஊறிய அட்டையின் நார் வீண். கறுப்பு பிளாஸ்டிக் தட்டில் உள்ள கார்பன் நிறமி அகச்சிவப்பு ஒளியை விழுங்குவதால், தரம் பிரிக்கும் கருவிக்கு அந்தத் தட்டு தெரிவதே இல்லை.

காகிதம் ஒரு தொட்டி, மற்றவை இன்னொரு தொட்டி என்று பிரித்தால் காகிதம் தப்பிக்கும். வண்டிக்கு நடுத்தடுப்பு வேண்டும். அதை எடை பார்த்து வைப்பது தவறு. பிளாஸ்டிக் எடையில்லாமல் இடத்தை அடைக்கும், அந்தப் பக்கம் சீக்கிரம் நிரம்பி வண்டி பாதி காலியாகவே திரும்பும். கன அளவைப் பார்த்துத் தடுப்பை வையுங்கள்.

பெட்டோடு கலந்துவிடும் பிவிசி (குழாய் செய்யும் பிளாஸ்டிக்) தரும் தொல்லை இதிலும் தீராது. கழுவும் தொட்டியில் மூடியின் பாலிபுரொப்பிலீன் (தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் இது சுமார் 0.9) மிதக்கும், பெட் (சுமார் 1.38) மூழ்கும். பிவிசியும் ஏறக்குறைய அதே அடர்த்திதான், கூடவே மூழ்கும். பெட் உருகும் வெப்பத்தில் அது சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடை விடும். பெட்டின் மூலக்கூறுச் சங்கிலி அறுந்து நிறம் மஞ்சளாகும். பாட்டிலை அரைத்த துருவலை நன்றாக உலர்த்தாமல் உருக்கினாலும் ஈரம் சங்கிலியை வெட்டும்.

தூய்மையில் பிணைத்தொகையை மிஞ்ச எதுவுமில்லை. வாங்கும்போது கூடுதலாகக் கட்டிய தொகை, காலி பாட்டிலைத் தந்தால் திரும்பக் கிடைக்கும். ஜெர்மனி 2003-இல் ஒருமுறைப் பயன்பாட்டுப் பாட்டில், கேன்களுக்கு இதைக் கொண்டுவந்தது. இன்று ஒன்றுக்கு 25 யூரோ சென்ட், 95 சதவீதத்துக்கு மேல் திரும்பி வருகிறது. பிளாஸ்டிக் பானப் பாட்டில்களில் 90 சதவீதத்தை 2029-க்குள் தனியாகச் சேகரிக்க ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருப்பதற்கு இதைவிட நேரான வழி தெரியவில்லை. கோளாறு சின்ன விஷயங்களில் வரும். பார்கோடு கிழிந்தாலோ பாட்டில் நசுங்கினாலோ இயந்திரம் ஏற்காது. பணம் கொடுத்ததும் பாட்டிலை நசுக்காவிட்டால் அதே பாட்டில் இரண்டாம் முறை காசாகும்.

பெரிய இடி வேறு. அலுமினியமும் தெளிந்த பெட்டும் போய்விட்டால் தொட்டிச் சேகரிப்பின் வருமானம் விழும். குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களுக்கோ அன்றாடக் கூலியே அதுதான். பாட்டிலைத் திருப்பித் தர வீட்டுக்காரர் சோம்பினால்தான் அவர்களுக்கு லாபம் என்பது விசித்திரமான ஏற்பாடு. அதனால் திருப்பித் தரும் இடத்தில் ஒரு நாளைக்கு இத்தனைதான் என்ற வரம்பு கூடாது. மூட்டையாக எண்ணி வாங்கும் மேசை வேண்டும், வங்கிக் கணக்கு கேட்காமல் கையில் பணம் தர வேண்டும்.

பாட்டிலுக்கும் கேனுக்கும் பிணைத்தொகை, மற்றதற்கு இரண்டு தொட்டி என்பதே எங்கள் தேர்வு. பல அடுக்குச் சிறு பொட்டலங்களை இரண்டுமே மீட்காது. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய அவற்றைப் பிரிப்பது கடினம், ஒரு கிலோ சேர நூற்றுக்கணக்கில் பொறுக்க வேண்டும். எடைக்குக் கூலி என்றால் யாரும் குனிய மாட்டார்கள். சேகரிப்பவருக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் கொடுத்தால்தான் அது வண்டியில் ஏறும். அந்தப் பணம் பொட்டலம் போட்டு விற்பவரிடமிருந்து வர வேண்டும்.