நாட்டிங்காம் ராலியா, அம்பத்தூர் ஹெர்குலஸா?

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு காயலான் கடை. கம்பி பிரேக் வைத்த பழைய சைக்கிள் இரண்டு சுவரில் சாய்ந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று இங்கிலாந்து ராலி, இன்னொன்று அம்பத்தூர் ஹெர்குலஸ். எதற்குக் காசு கொடுக்கலாம்?

அழகுக்கு ராலிதான், பேச்சே இல்லை. பெடல் சுற்றும் பல்சக்கரத்திலேயே நாரைத் தலைகளை வெட்டியிருப்பார்கள். பின்சக்கரத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று கியர் ஹப் (கியரெல்லாம் உள்ளே அடங்கிய நடு உருளை) இருந்தால் விலை எகிறும். அதை மண்ணெண்ணெயில் துடைத்துப் பாருங்கள். 'ஏ.டபிள்யூ.' என்ற மாடல் எழுத்தோடு 54, 8 என்று குத்தியிருந்தால் அந்த ஹப் 1954 ஆகஸ்டில் செய்தது. பிரேமின் வயது அதோடு ஒட்டவில்லையா? சக்கரம் வேறு வண்டியுடையதாக இருக்கலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

சிக்கல் பி.பி. கப்பில், அதாவது பெடல் அச்சின் பால்ஸைத் தாங்கி பிரேமுக்குள் திருகி ஏறும் கிண்ணத்தில். பிரிட்டிஷ் சைக்கிள்களின் பொது அளவு அங்குலத்துக்கு 24 மரை; ராலிக்காரர்கள் மட்டும் தங்களுக்கென்று 26 வைத்துக்கொண்டார்கள். விட்டம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் கண்ணுக்குத் தெரியாது. 24 மரைக் கப்பு ராலி கூட்டில் கொஞ்சம் இறங்கும், அப்புறம் இறுகும். அந்த நேரத்தில் யாராவது ஸ்பேனரை எடுத்து அழுத்தினால் மரை வழித்துக்கொண்டு போய்விடும். கப்பு போனால் பரவாயில்லை, போவது பிரேம்.

ஹெர்குலஸ் பொது அளவுக்காரன், அதனால் கப்புக்கு அலைச்சல் குறைவு. 28 x 1½ டயர் இரண்டுக்குமே இங்கே கிடைக்கும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் சிலர் அதற்கே திண்டாடுகிறார்கள்.

என் ஓட்டு ஹெர்குலஸுக்கு. அதை அம்பத்தூரில் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது 1949-இல். நம்மூர்க்காரர் செய்த வண்டி என்பதாலேயே பலர் அதை எடைக்குப் போட்டார்கள். நல்ல நிலையில் உள்ள ஆரம்பகால வண்டியைத் தேடிப் பாருங்கள், தெரியும். வேடிக்கை என்னவென்றால், இங்கிலாந்து ஹெர்குலஸை வைத்திருந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் (அந்த 'டி.ஐ.'தான்) 1960-இல் ராலியையும் வாங்கிவிட்டது. பங்காளிகள் ஒரே வீட்டுக்குள் வந்த கதை.

எதை வாங்கினாலும் குரோம் மினுமினுப்புக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். ராயபுரம், காசிமேடு உப்புக்காற்றில் நின்ற வண்டியென்றால் புது முலாமுக்கு அடியில் குழி இருக்கும். பாலிஷ் போட்டதில் ஹப்பின் எண்ணும் தேய்ந்திருக்கும். காட்டர் பின்னை, அதாவது கிராங்கை (பெடல் கையை) அச்சோடு இறுக்கும் ஆப்பை, அழுத்திக் கழற்றும் பிரஸ் இல்லாவிட்டால், கிராங்குக்கு அடியில் தரையோடு ஓர் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்துவிட்டு அடியுங்கள். முட்டில்லாமல் அடித்தால் அடி முழுக்க உள்ளே பால்ஸிலும் கப்பிலும்தான் இறங்கும்.