மைன்புரி தார்க்கஷி நகை: ஒரு வருடம் போட்டுப் பார்த்ததில்

போன ஆகஸ்டில் தில்லி ஹாட் என்ற கைவினைச் சந்தையில் மூன்று உருப்படி வாங்கினேன். ஒரு பென்டன்ட் 700 ரூபாய், ஒரு ஜோடி தொங்கட்டான் 450, ஒரு பட்டை வளையல் 1,400. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பென்டன்டுக்குப் பத்துக்குப் பத்து, வளையலுக்கு ஆறு, தொங்கட்டானைப் பற்றிக் கீழே தனியாகப் புலம்பியிருக்கிறேன். எந்தக் கடை என்று கேட்காதீர்கள். அங்கே கைவினைக்காரர்களுக்குப் பெரும்பாலும் பதினைந்து நாள் கணக்கில்தான் கடை தருவார்கள், நீங்கள் போகும்போது அந்த இடத்தில் யாராவது கம்பளம் விற்றுக்கொண்டிருப்பார்.

தார்க்கஷி தெரியாதவர்களுக்கு: இந்தியில் தார் என்றால் கம்பி. மரத்தில் கோடு செதுக்கி அதற்குள் பித்தளைக் கம்பியை அடித்து இறக்கும் வேலை. ஆக்ராவுக்குக் கிழக்கே இருக்கும் மைன்புரிதான் இதற்குப் பேர் போன ஊர், மரம் ஷீஷம், நம் ஈட்டி மரத்துக்குப் பங்காளி. தோல் செருப்பைத் தீட்டு என்று ஒதுக்கியவர்கள் போட்ட மரக் குறடுகளில்தான் இந்த வேலை நிறைய நடந்திருக்கிறது, அப்புறம் பெட்டி, தட்டு, கதவுப் பலகை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எஃப். எஸ். குரோஸ் என்ற ஆங்கிலேய கலெக்டர் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பெட்டியிலும் தட்டிலும் செய்த அதே வேலையைப் பத்து ரூபாய் நாணய அளவுக்குச் சுருக்கினால் என் பென்டன்ட்.

கடையில் இருந்த பெரியவர் சும்மா உட்காரவில்லை, விற்றுக்கொண்டே வேலையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அரை மணி நேரம் நகரவில்லை. அவர் கையில் இருந்தது உருண்டைக் கம்பி இல்லை, தகட்டிலிருந்து நறுக்கிய நாடா, நூலை விடக் கொஞ்சம்தான் பருமன். சின்ன உளியால் மரத்தில் கோடு கீறுகிறார், நாடாவைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி அதற்குள் வைக்கிறார், சுத்தியலால் டொக் டொக் என்று இரண்டு தட்டு, மீதியை வெட்டிவிட்டு அடுத்த கோடு. பசை எதுவும் போடவில்லை. வெட்டுப்பட்ட மரமே கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. புள்ளி வேண்டும் என்றால் கம்பியைக் குட்டியாகச் சுருட்டி அந்தச் சுருளையே அடித்து இறக்கிவிடுகிறார். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துத் தேய்க்கும்போது மரமும் பித்தளையும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுகின்றன. "கண்ணாடி போடாமலே செய்கிறீர்களே பாபா" என்றேன். "கண் பார்க்கிறது என்று யார் சொன்னது, விரல்தான் பார்க்கிறது" என்று இந்தியில் சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குச் சில்லறை எண்ணப் போய்விட்டார்.

பென்டன்டில் ஒரு இலைக் கொத்து, சுற்றி இரண்டு வட்டம், நடுவில் இடம் விடாமல் புள்ளிகள். போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தேன், ஒவ்வொரு புள்ளியிலும் நத்தை ஓடு மாதிரி சுருள் தெரிகிறது. ஒரு இலையின் நுனியில் மட்டும் இரண்டு கம்பிகள் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி. எனக்கு அது பிடித்திருக்கிறது. தினமும் ஆபீசுக்குப் போட்டும் இன்றுவரை ஒரு கம்பிகூட அசையவில்லை.

வளையல் கதை வேறு. டிசம்பரில் ரூம் ஹீட்டர் போட ஆரம்பித்த பிறகு ஒரு நாள் ஸ்வெட்டர் நூல் அதில் மாட்டி இழுத்தது. பார்த்தால் கம்பி நிமிர்ந்து நிற்கிறது, அதுவும் எதிரெதிரே சரியாக இரண்டே இடத்தில். என்னடா இது என்று தடவித் தடவிப் பார்த்ததில் புரிந்தது. பலகையிலிருந்து வட்டமாக அறுத்த வளையலில் இரண்டு பக்கம் மரத்தின் நார் வெட்டுப்பட்டுப் புள்ளி புள்ளியாகத் தெரியும், அங்கே கம்பி நாருக்குக் குறுக்கே ஓடுகிறது. மரம் காய்ந்தால் நாரின் நீளவாக்கில் பெரிதாக ஒன்றும் ஆகாது, குறுக்குவாட்டில்தான் சுருங்கும். பித்தளை அதோடு சேர்ந்து சுருங்காதே, போக இடமில்லாமல் மேலே எழும்பிவிட்டது. மழைக்கால ஈரத்தில் வாங்கியதை ஹீட்டர் பக்கத்தில் கழற்றி வைத்த என் மேலும் தப்பு இருக்கிறது. ஆனால் 1,400 ரூபாய்க்கு விற்கும் பொருளுக்கு மரத்தை இன்னும் கொஞ்சம் காயவைத்திருக்கலாம், நீளமான ஒற்றைக் கோட்டைச் சுற்றிலும் ஓட்டாமல் துண்டு துண்டாகப் போட்டிருக்கலாம். கரண்டிக் காம்பால் அழுத்தி, ஊசி முனையில் ஒரு துளி ஃபெவிக்விக் விட்டு, ஆயிரம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்துச் சரி செய்தேன். இப்போதைக்கு நிற்கிறது.

தொங்கட்டானில் மர வேலை பிரமாதம், கொக்கி மட்டும் படு மட்டம். மூன்றாம் நாளே காது அரித்தது, ஒரு வாரத்தில் கொக்கி கருத்துவிட்டது. பிப்ரவரியில் கும்பகோணம் போனபோது எங்கள் தெருப் பத்தரிடம் காட்டினேன். அவர் தொங்கட்டானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், லென்ஸை எடுத்து மறுபடி பார்த்தார், "கம்பி அடிச்ச ஆளு போட்ட கொக்கி இல்லம்மா இது" என்றார். வெள்ளிக் கொக்கி போட 350 ரூபாய் ஆனது. அதாவது நகை விலையில் முக்கால் பங்குக்கும் மேல். நீங்கள் வாங்கினால் கொக்கி இல்லாமல் தரச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், விலையிலும் ஏதாவது குறையும்.

ஆன்லைனில் வாங்க நினைப்பவர்கள் கொஞ்சம் கவனம். தோழி ஒருத்தி ஒரு தளத்தில் இதே மாதிரி பென்டன்ட் 299-க்கு வாங்கினாள், வந்தது லேசரில் சுட்ட கோட்டில் தங்கக் கலர் நிரப்பிய மரத்துண்டு. கண்டுபிடிப்பது ரொம்ப சுலபம். எல்லாக் கோடும் அச்சடித்த மாதிரி ஒரே பருமனில் இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்தால் பளிச்சென்று மின்னாது, கோட்டின் ஓரத்தில் கருகிய பழுப்பு தெரியும். அசலில் வளைவுகளில் கம்பி முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் தெரிந்தே தீரும். விற்பவரிடம் ரொம்பக் கிட்டத்தில் எடுத்த படம் ஒன்று கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

பித்தளை மங்குவது பற்றி: மங்கும், வியர்வை பட்டால் சீக்கிரமே. குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்க்கலாமே என்று அம்மா பென்டன்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள், நல்லவேளை வாசலிலேயே மடக்கினேன். தண்ணீரே ஆகாது. காய்ந்த பழைய பருத்தித் துணியால் அழுத்தித் துடைத்தால் போதும், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டைத் துணியில் தொட்டுத் தடவுகிறேன். செண்ட் அடித்துவிட்டு அப்புறம் போடுங்கள், போட்டுக்கொண்டு அடிக்காதீர்கள்.

மறுபடி வாங்குவேனா என்றால், பென்டன்ட் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். வாங்கியே ஆகவேண்டும், ஏனென்றால் அந்தப் புளிச் சம்பவத்துக்குப் பிறகு அது அம்மா கழுத்தில்தான் இருக்கிறது, கேட்டால் பட்டுப்புடவைக்குப் பொருத்தமாக இருக்கிறது என்கிறாள்.