பித்தளை, எஃகு, நிக்கல், அலுமினியம்: எந்தத் தோட்டாக் கூடு துப்பாக்கியைத் தேய்க்கும்?

சுட்டு முடித்த காலித் தோட்டாக்கள் இரண்டை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். பித்தளைக் கூட்டில் வாயோரம்தான் கரி பிடித்திருக்கும். எஃகுக் கூட்டில் கரி கழுத்தைத் தாண்டி உடம்புவரை இறங்கியிருக்கும்.

வெடிமருந்து எரிந்ததும் கூடு உப்பி, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) சுவரோடு அழுந்தி, வாயு பின்னால் கசியாமல் அடைக்க வேண்டும். குண்டு வெளியேறி அழுத்தம் இறங்கியதும் சற்றுச் சுருங்கிச் சுவரை விட வேண்டும். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை இரண்டையும் செய்கிறது. எஃகு விறைப்பானது, சுவரோடு அவ்வளவு நன்றாக ஒட்டாது, உப்பினால் திரும்பச் சுருங்குவதும் குறைவு. ஏகே-47 தோட்டா நல்ல கூம்பு வாட்டமாக இருப்பதால் எஃகுக் கூடும் சுலபமாகக் கழன்று வரும். ஏஆர்-15 வகை ரைபிளில் போடும் .223 தோட்டாவின் கூட்டில் வாட்டம் குறைவு, அதில்தான் சிக்குகிறது.

எஃகுக் கூட்டின் மேல்பூச்சு உருகி சேம்பரில் ஒட்டிக்கொள்கிறது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் தொல்லை தருவது கசிந்து படிந்த கரி. எஃகுத் தோட்டா நிறையச் சுட்டபின் துடைக்காமல் பித்தளையைப் போட்டால், பித்தளை நன்றாக உப்பி அந்தக் கரியில் இறுகிவிடும். மாற்றுவதற்கு முன் சேம்பர் பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

தேய்மானத்துக்கு வருவோம். எஃகுக் கூடு, காலிக் கூட்டைக் கவ்வி வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் நகத்தைக் கொஞ்சம் சீக்கிரம் தேய்க்கும். அது மாற்றக்கூடிய சிறு பாகம். குழலைத் தின்பது கூடு அல்ல, குண்டின் உறை. மலிவான எஃகுத் தோட்டாக்களில் பெரும்பாலும் குண்டுக்கும் மெல்லிய செம்பு பூசிய எஃகு உறைதான். 2013-இல் அமெரிக்காவில் ஒரே மாதிரியான நான்கு .223 துப்பாக்கிகளில் தலா 10,000 தோட்டா என்று சோதித்தபோது, செம்பு உறைக் குண்டு போன குழல் கடைசிவரை தாங்கியது. எஃகு உறைக் குண்டு போனவை பாதி தூரம் தாண்டியதுமே குறி கலைந்து போயின. குண்டின் மேல் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே எஃகு இருக்கிறது.

நிக்கல் பூசிய பித்தளைக்கு வேலூர்ப் பக்கம் தனி மதிப்பு உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் நம் கைக்கெட்டும் பொருள். தோட்டா பெல்ட்டும் தோலில்தான். ஆவாரம்பட்டை போன்றவற்றால் பதனிட்ட தோலில் இருக்கும் அமிலம் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும். புளி போட்டுத் தேய்க்காத குடத்தில் பார்ப்போமே, அதேதான். களிம்பேறிய தோட்டா சேம்பரில் சரியாக நுழையாது. நிக்கல் பூச்சில் இந்தத் தொல்லை இல்லை, வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். பித்தளைதான் வைத்திருக்கிறீர்கள் என்றால் பெல்ட்டிலேயே மாதக்கணக்கில் விடாமல் டப்பாவில் போட்டு வையுங்கள்.

பித்தளைக்கு இன்னொரு எதிரி அம்மோனியா. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்கள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவே காரணம் என்று 1921-இல்தான் விளங்கியது. மாட்டுத்தொழுவத்தை ஒட்டிய அறையிலும், யூரியா மூட்டை அடுக்கிய அறையிலும் இன்றும் அதுவே நடக்கும். கழுத்தில் தலைமுடி போலக் கீறல் தெரிந்தால் அதைச் சுடக்கூடாது.

அலுமினியத்தின் எடை பித்தளையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கைத்துப்பாக்கியின் குறைந்த அழுத்தத்துக்குச் சரி, ரைபிளுக்கு வேண்டாம்: கூட்டில் பிளவு விட்டால் சூடான வாயு அந்த உலோகத்தையே எரித்துக்கொண்டு வெளியேறும்.

காலிக் கூட்டில் வீட்டிலேயே மருந்து நிரப்பலாமா என்று கேட்பவர்களுக்கு: உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.

கிராமத்து டபுள் பேரல் (இரட்டைக்குழல்) துப்பாக்கிக்குப் போகும் 12 போர் தோட்டாவில் போட்டி காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும்தான். மெழுகு பூசினாலும் காகிதம் ஐப்பசி மழையில் ஈரம் குடித்து உப்பும். பிளாஸ்டிக் உப்பாது; ஆனால் அடிமூடி எஃகில் செய்து பித்தளை முலாம் பூசியதாக இருந்தால் அங்கே துரு ஏறும், அதையும் திருப்பிப் பாருங்கள். உப்பிய தோட்டாவைத் தட்டி நுழைக்காதீர்கள், வெயிலில் காயவைக்காதீர்கள். உரிமம் பெற்ற வியாபாரியிடமே கொண்டுபோய் என்ன செய்வதென்று கேளுங்கள்.